தாண்டவராயன் நெஞ்சில் இருந்த புத்து

போன மாதம் சர்க்கரை பார்க்க லேபுக்குப் போயிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண். இந்தப் பக்கம் லுங்கி கட்டிய ஒரு பெரியவர்.

"சி.இ.ஏ. ஏறியிருக்கு ஐயா. டாக்டரப் பாருங்க."

"எங்க ஏறியிருக்கும்மா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் பெரியவரும் சிரித்தார். பிறகு பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே ஏறியிருக்கிறது, ஏறினால் என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அறுபதுகளில் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் அட்டெண்டராக இருந்தேன். சளி டப்பா கொடுப்பது, ஸ்லைடு கழுவுவது, ரத்தம் எடுக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வது. இன்று நுரையீரல் கேன்சர் என்று சந்தேகம் வந்தால் ரத்தத்தில் சி.இ.ஏ. மாதிரி நாலைந்து பெயர் சொல்லித் தேடுகிறீர்கள். அன்று ஒரு பெயரும் கிடையாது. ரத்தத்தை ஒரு குழாயில் நிற்க வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம். காசநோய் என்றாலும் வேகமாக இறங்கும். கேன்சர் என்றாலும் இறங்கும். பிள்ளைத்தாச்சிக்கும் இறங்கும். தெரு நாய் மாதிரி. குரைக்கும். வந்தவன் திருடனா, மாப்பிள்ளையா என்று சொல்லாது.

எங்கள் டாக்டர் சிதம்பரத்துக்காரர். தினமும் காலை ரயிலில் வருவார். வயது முப்பது இருக்கும். கெட்டிக்காரர், பொறுமைசாலி. அவருக்கு இருந்தது ஒரே வியாதி. தமிழ். அந்த வருஷங்களில் ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல்தான். கடைப் பலகைகள் மாறின. ஆட்கள் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். டாக்டர் நோயாளியிடம் இங்கிலீஷ் பேசமாட்டார், வடமொழியும் பேசமாட்டார். ரத்தம் என்ற சொல் அவர் வாயில் வராது.

"இருமும்போது குருதி வருகிறதா?"

"குருவியா? இல்லீங்களே. எங்க கூரைக்குக் காக்காதான் வரும்."

ஒரு நாள் ஒரு கட்டுமரக்காரரிடம், "கோழை இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டார். கேட்டது சளியை. அந்த ஆள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "புயலுல கடலுக்குப் போனவன் நானு. யாரப் பாத்துக் கோழைங்கற?" நான் நடுவில் புகுந்து சளி டப்பாவைத் திறந்து காட்டினேன். பிறகுதான் உட்கார்ந்தார்.

லேபில் சிரிப்போம். டாக்டரும் சேர்ந்து சிரிப்பார். மறுநாள் மறுபடி குருதி என்பார். அவர் சொல்வதை இவர்களுக்கு மாற்றிச் சொல்வது என் வேலையோடு ஒட்டிக்கொண்டது. நான் பக்கத்தில் இருக்கும்வரை ஒன்றும் கெடவில்லை.

தாண்டவராயன் வந்தது அப்போதுதான். முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவர். அவர் கூவினால் உப்பனாற்றுக்கு அக்கரையில் கேட்கும் என்பார்கள். யார் கண் எந்தக் கூடையில் இருக்கிறது என்று பார்த்துவைத்துக் கூவுவார். "இன்னாய்யா, மாமியா வந்திருக்காளாமே! இந்தப் பொடி மீன ஆக்கிப்போட்டா ஊருக்குப் போவாளா? வஞ்சிரத்தக் கேளு, நாளைக்கே போயிடுவா, பங்காளிக்கெல்லாம் சொல்றதுக்கு!" அவர் வாயில் விழுந்து எழ முடியாமல் ஆட்கள் விலையை ஏற்றிவிடுவார்கள்.

அந்தக் குரல் போய்விட்டது. சத்தம் போட்டால் இருமல். இருமினால் ரத்தம். அதனால் அவர் மனைவி பாக்கியம் அவர் வாய்க்குக் காவல் போட்டுவிட்டார். அவர் கிசுகிசுப்பார். அதை பாக்கியம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொல்வார். தலையில் கூடை வைத்து மீன் விற்றவர். குரலுக்குக் குறைவில்லை. ஆனால் கேட்டதை அப்படியே சொல்லும் பழக்கம் இல்லை.

தாண்டவராயன் என்னவோ முணுமுணுத்தார்.

"ராவெல்லாம் தூக்கமில்லையாம்!"

அவர் தலையை ஆட்டினார். மறுபடி முணுமுணுத்தார்.

"பீடிய நிறுத்திட்டாராம்!"

அவர் திரும்பி மனைவியை முறைத்தார்.

"நிறுத்தப்போறாராம்!" என்றார் பாக்கியம்.

நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தோம். வலது பக்கம் மேலே ஒரு நிழல். அந்தக் காலத்தில் நெஞ்சில் நிழல் என்றால் காசநோய்தான். வேறு யாராக இருந்தாலும் ஊசியை ஆரம்பித்திருப்பார்கள். டாக்டர் ஆரம்பிக்கவில்லை. சளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னார். காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை. குழாயில் ரத்தம் வேகமாக இறங்கியது. நாய் குரைத்தது, அவ்வளவுதான். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "இது வேறு" என்றார். மெட்ராஸில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு, ஒரு கிள்ளு சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாளும் கேட்டு வாங்கிவிட்டார்.

தாண்டவராயனுக்கு ரத்தத்தின் மேல்தான் நம்பிக்கை. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் வேணும்னா எடுத்துக்கச் சொல்றாரு! ரத்தத்துல தெரியாத சங்கதி உண்டாங்கறாரு!"

"இதற்குக் குருதி பேசாது அம்மா" என்றார் டாக்டர்.

குருவி எதற்குப் பேச வேண்டும் என்று பாக்கியம் கேட்கவில்லை. அவ்வளவு பயந்திருந்தார்.

பிறகு டாக்டர் பாக்கியத்தை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். நான் பின்கட்டில் ஸ்லைடு கழுவிக்கொண்டிருந்தேன், பேச்சு காதில் விழவில்லை. பாக்கியம் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இன்னா ஏதுன்னு தெரிஞ்சிடுச்சு தம்பி. இனிமே கவல இல்ல."

புருஷன் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்த அறையிலிருந்து அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டு முகம் தெளிந்து வந்தவர் எவரும் இல்லை.

மெட்ராஸ் போகிற நாளுக்கு முன் வந்து அங்கே காட்ட வேண்டிய சீட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தது. வரவில்லை. பயண நாளுக்கு முந்தின மத்தியானம்வரை டாக்டர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் தவறினால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. அந்த நிழல் காத்திருக்குமா என்றும் தெரியாது.

"நீ போய் அழைத்து வா. நாளைக் காலை வண்டியில் அவர்கள் ஏறியாக வேண்டும். ஆனால் நோய் என்ன என்று நீ சொல்லாதே. அதைச் சொல்வது என் வேலை."

உங்களுக்கும் இதே சட்டம்தான் என்று நினைக்கிறேன். ரிசல்ட்டை லேப் ஆள் விளக்கக் கூடாது. நல்ல சட்டம். நல்ல சட்டம் எதுவாக இருந்தாலும் ஒரு நாள் ஆளை நடுத்தெருவில் நிறுத்தும். என்னை நிறுத்திய இடம் வேப்பமரத்தடி.

அவர்கள் மீனவக் குப்பத்துக்கு மேற்கே, கருவாடு காயப் போடும் களத்தை ஒட்டி அந்த மரம். அங்கே ஏழெட்டு ஆம்பிளைகள் முழங்கை வரை சேறோடு நின்றார்கள். ஆற்றுக் களிமண்ணைக் குவித்து எதையோ கட்டிக்கொண்டிருந்தார்கள். தாண்டவராயன் வலைக் குவியல் மேல் சாய்ந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பக்கத்தில் பாக்கியம், கையில் செம்பு நிறையப் பால்.

தாண்டவராயன் உதடு அசைந்தது.

"இன்னும் ஒசரமா இருந்துச்சாம்!" பாக்கியம் கத்தினார். "மேல மூணு கூம்பு இருந்துச்சாம்!"

"ரெண்டுதான் மாமா!" சேற்றிலிருந்து ஒருத்தர்.

"நீயா இடிச்ச? இடிச்சவருக்குத் தெரியாதா எத்தினின்னு?"

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

"புத்து" என்றார் பாக்கியம். "களத்தப் பெருசாக்கணும்னு போன வருசம் இவுரு கடப்பாரையால இடிச்சிட்டாரு. வேணாம்னேன், கேட்டாரா? அந்தச் சாபந்தான் நெஞ்சுல புடிச்சுக்கிச்சு. உங்க டாக்டரு படத்தப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாரே! எங்க வூட்டு வழியே வந்தது கெடையாது அவுரு. 'புத்து இருக்கும்னு தோணுது'ன்னாரு பாரு, எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. ஜோசியரு கூட இப்பிடிச் சொல்லமாட்டாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் கேன்சர் என்று சொல்லவில்லை. புற்று என்றிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து சிங்காரம் வந்து சேர்ந்தான். பாக்கியத்தின் தம்பி. தாண்டவராயனுக்குப் பதிலாக இப்போது ஏலம் கூவுகிறவன் அவன்தான். தோளில் வாய் கட்டிய மண் பானை.

"கறையான் கொண்டாந்துட்டேன் மாமா! மங்கலம்பேட்டைச் சரக்கு. அங்கதான் நல்ல செம்மண்ணுப் புத்து. பஸ்ஸுல கண்டக்டரு பானைக்கு டிக்கெட் எடுங்கறான். உள்ள இன்னாடான்னான். கறையானுங்கன்னேன். எத்தினின்னான். 'நீயே எண்ணிக் கிழிச்சுக் குடுய்யா'ன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தாண்டவராயனும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. துண்டை வாயில் வைத்து எடுத்தார். துண்டில் சிவப்பு. லேபுக்கு வந்தபோது பார்த்ததைவிட ஜாஸ்தி.

"டாக்டர் வரச் சொன்னார்" என்றேன். "நாளைக் காலை வண்டி. மெட்ராஸ்."

"காப்புக் கட்டியிருக்குது தம்பி" என்றார் பாக்கியம். "ஒரு மண்டலம் பாலு ஊத்தணும். அதுவரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக்கூடாது. முடிச்சிட்டு வரோம்னு சொல்லு. அதுக்குள்ள இவுருக்குத் தானா சொஸ்தமாயிடும்."

ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். நான் துண்டைப் பார்த்தேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நான் அங்கே நின்று யோசித்ததை எழுதுகிறேன்.

இது அந்தப் புத்து இல்லை என்று சொல்லலாம். வேறு எது என்று கேட்பார்கள். கேன்சர் என்று சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்று உத்தரவு. உத்தரவை மீறினாலும், அது கேன்சர்தான் என்று டாக்டருக்கே நிச்சயம் இல்லை. சரி, சொல்லியே விட்டேன் என்று வையுங்கள். அந்த நாளில் அந்த வார்த்தைக்குக் குப்பத்தில் ஒரே அர்த்தம்தான். மெட்ராஸ் போகமாட்டார்கள். பாயைப் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, உறவுக்காரர்களுக்கு ஆள் அனுப்புவார்கள். சரியான வார்த்தையைச் சொன்னால் ஆள் வீட்டில் சாவார். தப்பான வார்த்தையை விட்டுவைத்தால் வேப்பமரத்தடியில் சாவார்.

நான் பேச்சுக்காரன் இல்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னா தம்பி, பேயறஞ்ச மாதிரி நிக்கற? பாலு குடிக்கிறியா?"

"டாக்டர் சொன்ன புத்து இது இல்லைங்க" என்றேன்.

சேற்றில் இருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"வேற எது?"

என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "இங்க. அவுரு நெஞ்சுக்குள்ள."

"மனுசன் நெஞ்சுலயா?"

"ம்."

"அதுக்குள்ள பாம்பு இருக்குதா?"

"தெரியாது. படத்துல மேடு மட்டுந்தான் தெரியுது."

"ரத்தம் எடுத்தியே, அதுல தெரியலயா?"

"அதுல தெரியாது. ஏதோ இருக்குன்னு மட்டும் தெரியும்."

"புத்து இருந்தா பாம்பு இருந்தே ஆவணுமா இன்னா?" என்றான் சிங்காரம். "மங்கலம்பேட்டையில நான் ஒடச்சது வெறும் புத்து. ஒரு எலி கூட இல்ல."

"இல்லாமலும் இருக்கும்" என்றேன். "குழாய் வுட்டுப் பாத்தாதான் தெரியும். இருந்தா எடுக்கறதுக்கு மெட்ராஸ்ல ஆளு இருக்காங்க. சீக்கிரம் போனா எடுக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. உத்தரவையும் மீறவில்லை. அவர்கள் வார்த்தைக்கு உள்ளேயே நின்றுகொண்டு, வாசலை மட்டும் வேறு பக்கம் வைத்தேன்.

பானைக்குள் கறையான் கட்டி கொஞ்சம் உதிர்ந்த சத்தம் கேட்டது. தாண்டவராயன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலத்தில் ஆட்களின் கண்ணைப் பார்த்து விலை வைக்கிறவர். என் கண்ணில் என்ன பார்த்தாரோ. உதட்டை அசைத்தார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"சாவப் போறனா தம்பி?"

பாக்கியத்துக்கும் கேட்டது. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள், என்ன சொன்னார் என்று. பாக்கியம் ஒரு மூச்சு நின்றார். பிறகு எப்போதும்போல ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"சாப்புட்டுப் போலாமாங்கறாரு!"

"காப்பு?" என்று ஒரு பெரியவர் இழுத்தார். "எல்லையத் தாண்டினா தெய்வக் குத்தமாயிடும் பாக்கியம்."

"இன்னா குத்தம்? காப்புக் கட்டினது புத்துக்குத்தானே? புத்து இவுரு நெஞ்சுல இருக்குது. அது எங்க போவுதோ அங்கதான் எல்லை. நாளைக்கு மெட்ராஸ் போவுது. எல்லையும் மெட்ராஸ் போவட்டும்!"

பெரியவர் யோசித்தார். பாக்கியம் செம்பைத் தூக்கிப் புருஷன் வாயருகே கொண்டுபோனார்.

"எனக்கா?" என்று அவர் கண்ணால் கேட்டார்.

"உனக்கு எவ ஊத்தறா? நான் புத்துக்கு ஊத்தறேன். வாயத் தொற."

ஒரு சொட்டு விடாமல் குடித்தார். செம்பு காலியானதும் பாக்கியம் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிங்காரம் பானையை என்ன செய்வது என்று கேட்டான். அவன் அதை இறக்கி வைத்துவிட்டு அக்கா பின்னால் போனான்.

மறுநாள் காலை டாக்டர் சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கிய அதே வண்டியில்தான் அவர்கள் ஏற வேண்டும். டாக்டர் சீட்டைக் கொடுத்தார்.

"புத்தத் தூக்கிக்கிட்டுப் போறோம் டாக்டரே!" பாக்கியம் ஜன்னலிலிருந்து கத்தினார். "ஒரு மண்டலத்துக்குப் பாலு அங்கயே வாங்கி இவுருக்கு ஊத்தறேன்!"

வண்டி போனது. டாக்டர் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கறையான் டிக்கெட்டைக் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"கேன்சர் என்றே சொல்லியிருக்க வேண்டுமோ?"

"வந்திருக்க மாட்டாங்க சார்."

"புற்று என்றும் சொல்லக் கூடாது. பிறகு எதைத்தான் சொல்வது?"

"தெரியல சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவர் சொன்னது இது. "எந்தச் சொல்லைச் சொன்னாலும் சரி. அவர்கள் காதில் என்னவாக விழுந்தது என்று அவர்கள் வாயாலேயே கேட்டுவிட வேண்டும்." அன்று முதல் அதைத்தான் செய்தார். எந்த நோயாளியும் அறையை விட்டுப் போகும் முன், "நான் என்ன சொன்னேன், நீங்கள் சொல்லுங்கள்" என்பார். குருதியை மட்டும் கடைசிவரை விடவில்லை. அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லும்போது குருவி என்பார்கள். "அதே" என்று சொல்லிவிட்டு நெற்றியைத் தடவிக்கொள்வார்.

நான் அவரிடம் கற்றது இந்த ஒன்று. உங்களுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பதும் இது ஒன்றுதான்.

இன்று ரத்தம் கொஞ்சம் பேசுகிறது. ஒத்துக்கொள்கிறேன். திக்கித் திக்கிப் பேசுகிறது. பீடி பிடிக்கிறவருக்கே சி.இ.ஏ. கொஞ்சம் ஏறுமாமே. ரத்தம் குழாயில் உடைந்துபோனாலே ஏறிக்காட்டும் ஒன்றும் இருக்கிறதாமே. கேன்சர் உள்ளே இருந்தும் எதுவும் ஏறாமல் இருக்கிற ஆட்களும் உண்டாமே. உங்களில் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். அப்படியென்றால் அந்த நம்பர் மேடு. உள்ளே பாம்பா, எலியா, வெறும் மண்ணா என்று குழாய் விட்டுத்தான் இன்றும் பார்க்கிறீர்கள். கட்டியை ஒரு முறை எடுத்துவிட்ட பிறகு திரும்ப வளர்கிறதா என்று காவல் இருக்க அந்த நம்பர் உதவும் என்கிறார்கள். உதவட்டும். ஆனால் பேப்பரை நீட்டும்போது "ஏறியிருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். விளக்குவது உங்கள் வேலை இல்லைதான். என்ன புரிந்துகொண்டு போகிறார் என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. தப்பாகப் புரிந்திருந்தால் டாக்டர் அறை வரை கூடவே நடந்து போங்கள். பத்தடி தூரம்தான்.

மெட்ராஸிலிருந்து முதலில் திரும்பி வந்தவன் சிங்காரம். நேராக லேபுக்கு வந்தான்.

"இருந்துச்சு" என்றான்.

டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"குட்டிதானாம். வேற எங்கயும் போவல, நேரத்தோட வந்துட்டீங்கன்னு சொன்னாங்க. நுரையீரல்ல மேல்பக்கம் ஒரு துண்டு, அதோட சேத்து அறுத்து எடுத்துட்டாங்க. மாமா கண்ணு முழிச்சிட்டாரு. அக்காதான் அங்க மானத்த வாங்கிடுச்சு. 'அடிச்சிட்டீங்களா, உசுரோட எடுத்தீங்களா'ன்னு அந்தப் பெரிய டாக்டரக் கேக்குது. நல்ல பாம்ப அடிக்கக் கூடாதாம். அந்த மனுசனுக்கு ஒண்ணும் வெளங்கல. 'பாட்டில்ல வெச்சிருக்கோம்மா'ன்னாரு. அக்காவுக்கு நிம்மதி."

நுரையீரலில் ஒரு துண்டு போனது சரி. இனி அவர் கூவ முடியுமா என்று யாருக்கும் தெரியவில்லை. சில மாதம் சத்தமே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உயிர் பிழைத்ததைவிட அதுதான் அவரை வாட்டியது. சிங்காரம் கூவினால் மீன் விற்கும், ஆனால் கூட்டம் சிரிக்காது. தாண்டவராயன் தினமும் துறைமுகத்துக்கு வந்து, கழுத்து வரை பட்டன் போட்ட சட்டையோடு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து பார்ப்பார். வாயைத் திறக்கமாட்டார். திறக்கவிடாமல் பக்கத்தில் பாக்கியம்.

தடை முடிந்து, இனிப் பேசிப் பார்க்கலாம் என்று சொன்ன பிறகும் அவர் பேசவில்லை. சத்தம் போட்டால் இருமல், இருமினால் ரத்தம். அந்தப் பயம் போகவில்லை. டாக்டர் ஒரு நாள் காலை ரயிலை விட்டு இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேராகத் துறைமுகத்துக்கு நடந்தார். "பார்த்துவிட்டு வருவோம்" என்றார்.

அன்று நல்ல மீன்பாடு. மணலில் வஞ்சிரம் வரிசையாகக் கிடந்தது. புதுச்சேரி வியாபாரி ஒருவர் சிங்காரத்தைக் குடைந்துகொண்டிருந்தார்.

"இது நேத்து மீனுடா தம்பி. கண்ணப் பாரு, செத்து ஒரு வாரம் ஆனவன் மாதிரி."

சிங்காரம் தடுமாறினான். கூட்டம் வியாபாரி பக்கம் சிரித்தது. விலை கீழே போனது.

தாண்டவராயன் ஐஸ் பெட்டியிலிருந்து இறங்கினார். பாக்கியம் சட்டையைப் பிடித்தார். அவர் கையை விலக்கினார். மீன் பக்கத்தில் போய் நின்று வியாபாரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோவ்! மீனு கண்ண வுடு! உன் கண்ணக் கண்ணாடியில பாத்தியா? உன்னப் பாத்தாத்தான்யா ஒரு வாரமா ஐஸுல கெடந்த மாதிரி இருக்குது!"

குரல் முன்னைப் போல் இல்லை. அக்கரைக்குக் கேட்டிருக்காது. ஆனால் குரல்.

துறைமுகமே சிரித்தது. வியாபாரியும் சிரித்தார். தாண்டவராயனும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

குனிந்து இருமினார். நிற்கவில்லை. துண்டைத் தேடினார், தோளில் இல்லை. மணலில் துப்பினார்.

சத்தம் அடங்கியது. கூடைக்காரர்கள், வியாபாரிகள், வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், டாக்டர், நான், எல்லோரும் குனிந்து மணலைப் பார்த்தோம். பாக்கியம் மட்டும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"வெள்ளதான் அக்கா" என்றான் சிங்காரம். "வெறும் வெள்ள."

பாக்கியம் கண்ணைத் திறக்கவில்லை. வாயைத்தான் திறந்தார்.

"அப்புறம் இன்னாய்யா நிக்கறீங்க? மீனக் கேளுங்க!"